எந்த மாதம் வந்தால் நல்லம்? நல்லூரின் காலக்கணக்கு

பங்குனி பிறந்தால் எங்கள் போனுகளுக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் கேட்பா, பாரிசில் இருக்கிற சித்தப்பாவின் மகன் கேட்பான், கொழும்பில் வேலை செய்கிற பழைய வகுப்புத் தோழி கேட்பாள்: "இந்தமுறை வந்து இரண்டு மூண்டு மாசம் நல்லூரில நிக்கலாம் எண்டு யோசிக்கிறம். எப்ப வந்தால் நல்லம்?"

நாங்கள் நல்லூரைச் சுற்றி அறை எடுத்து இருக்கிற கலைப்பீடப் பிள்ளைகள். எங்களில் சிலருக்கு இது சொந்த ஊர். மற்றவர்கள் கிளிநொச்சி, மட்டக்களப்பு, அட்டன் பக்கங்களில் இருந்து வந்தவர்கள். நாங்களும் நீண்டகாலம் தங்க வந்தவர்கள்தான், ஆனால் மாதம் பார்த்து வரவில்லை. கம்பஸ் கூப்பிட்ட நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதனால் வருடத்தின் பன்னிரண்டு மாதத்தையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறோம்.

கேள்விக்குச் சும்மா பதில் சொல்லிவிடலாம். "மழை ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை, சித்திரையில் வெயில், தையில் குளிர்" என்று எந்தக் காலநிலைச் செயலியும் சொல்லும். ஆனால் எங்களுக்குள்ளே இதைப் பேசப் பேச, இது வெறும் வெயில், மழைக் கணக்கு இல்லை என்று தெரிந்தது. இந்த ஊருக்கு யார் எப்ப வந்தார்கள், எந்த மாதத்தில் வர முடியாமல் போனது, எந்த மாதத்தில் எழும்பிப் போகச் சொன்னார்கள் என்று பார்த்தால், நல்லூருக்கென்று தனியான ஒரு காலக்கணக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

ஓகஸ்ட் எப்படிச் 'சீசன்' ஆனது?

இன்றைக்கு நல்லூருக்கு 'சீசன்' என்றால் ஓகஸ்ட். காரணம் எல்லோருக்கும் தெரியும்: கந்தன் திருவிழா. இருபத்தைந்து நாள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். இருபத்துநாலாம் நாள் தேர், அடுத்த நாள் ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம். கோயிலைச் சுற்றி வீதிகளுக்கு மணல் பரவி, வாகனங்களை வேறு பாதையால் திருப்பி, ஒரு மாதத்துக்கு ஊரின் முகமே மாறிவிடும்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் திருவிழா ஓகஸ்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. அது சந்திரனுக்குக் கட்டுப்பட்டது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும். சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. எனவே ஒவ்வொரு வருடமும் தேர் பதினொரு, பன்னிரண்டு நாள் முன்னுக்கு வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் ஒரு மாதம் பின்னுக்குப் பாய்ந்து சரிசெய்துகொள்ளும். 2022 இல் தேர் ஓகஸ்ட் 25. 2023 இல் செப்டெம்பர் 13. 2024 இல் செப்டெம்பர் 1. 2025 இல் ஓகஸ்ட் 21. இந்த நாலு வருடத்தைப் பார்த்தாலே, "ஓகஸ்டில் வந்தால் தேர் பார்க்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ரிக்கற் போடுவது எவ்வளவு ஆபத்து என்று விளங்கும். 2023 இல் தேர் இழுத்தபோது லண்டனில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

இரண்டாவது விஷயம் வெயில். நல்லூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு தரம் எங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும்: ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருக்கால், ஓகஸ்ட் கடைசியில் ஒருக்கால். திருவிழாவில் மதியம் வெறுங்காலோடு மணலில் நின்றவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. அங்கப்பிரதட்சணை விடியப்புறத்தில் நடப்பதன் நியாயம் அப்போது விளங்கும்.

மூன்றாவதுதான் வரலாறு. ஊருக்கு வெளியே இருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிற ஓகஸ்ட் பழைய விஷயமில்லை. இப்போதைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், குருக்கள் வளவு என்ற இடத்தில் தொடங்கியது. அதற்கு முந்திய கோயிலை 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா இடித்திருந்தான். திருவிழாவுக்கு அப்போதெல்லாம் வந்தவர்கள் வண்டில் கட்டி வந்த குடாநாட்டுச் சனமும் தீவுச் சனமும்தான். 1905 இல் கொழும்புவரை ரயில் பாதை முழுமையானது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு கொழும்பில் கிளறிக்கல் வேலை பார்த்த ஆட்கள் லீவு போட்டு வந்தார்கள். 1990 ஜூனில் ரயில் நின்றது. பிறகு பன்னிரண்டு வருடம் கிளாலிக் கடலில் இரவு வள்ளம், திருகோணமலையிலிருந்து கப்பல், பலாலிக்கு அனுமதி எடுத்துப் பறக்கிற விமானம் என்று அந்தந்தக் காலத்தில் என்ன வழி இருந்ததோ அதுதான் வழி. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோதுதான் வெளிநாட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு லீவு ஜூலை, ஓகஸ்ட். ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், ஆவணியில் கலியாணம் வைக்கலாம். கோயில், பள்ளிக்கூட லீவு, கலியாணம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தது. இப்படித்தான் இந்தச் 'சீசன்' உண்டானது.

சீசன் என்று ஒன்றை மனிதர் உண்டாக்குவது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. கல்கத்தா வெயில் தாங்காத பிரித்தானியர் 1864 தொடக்கம் சிம்லாவைக் கோடைத் தலைநகரம் ஆக்கினார்கள். எங்கள் நுவரெலியாவின் ஏப்ரல் சீசனும் அவர்கள் விட்டுப்போனது. அந்தச் சீசன்கள் வெயிலுக்கு ஓடிப்போனவர்களால் வந்தவை. நல்லூர்ச் சீசன், நேர் உச்சி வெயிலுக்குள்ளேயே தேடி வருகிறவர்களால் வந்தது. வசதிக்காக வருகிறவர்கள் அந்த மாதத்தைத் தெரிவு செய்ய மாட்டார்கள்.

காற்றைக் கேட்டு வந்தவர்கள்

பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுது பாடமாக்கினோம். ஆவணியும் புரட்டாதியும் கார்காலம், அதாவது மழைக்காலம் என்று எழுதி மாக்ஸ் எடுத்தோம். அந்தக் காலத்தில் நல்லூரில் வெளியே எட்டிப் பார்த்தால் வேலியெல்லாம் காய்ந்து கிடக்கும். இலக்கண நூலின் கார்காலம் இங்கே ஐப்பசிக்குத்தான் வரும்.

குடாநாட்டுக்காரர் காலத்தைக் காற்றால்தான் கணித்தார்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அடிக்கிற தென்மேற்குக் காற்று சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மேற்கால் வருவது கச்சான், கிழக்கால் வருவது கொண்டல். தென்னிலங்கைக்குச் சோளகம் மழை கொண்டுவரும். எங்களுக்கு அது புழுதியும் பறக்கிற பனையோலையும்தான். கடல்தொழில் செய்கிறவர்களுக்கு இன்றைக்கும் நாட்காட்டி இதுதான்.

இந்தக் காற்று நல்லூர் இராச்சியத்தின் விதியிலும் கைவைத்திருக்கிறது. கோவாவில் இருந்த போர்த்துக்கேயரால் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை கப்பலைக் கடலுக்கு இறக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரைத் துறைமுகங்களை மூடி வைத்திருக்கும். அது தணிகிற செப்டெம்பரில்தான் படை புறப்படும். 1560 இல் கோவாவின் பதிலரசன் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா செப்டெம்பரில் புறப்பட்டு ஒக்டோபரில் வந்து நல்லூரைப் பிடித்தான். சங்கிலி மன்னன் பின்வாங்கினான். பிறகு ஊர்ச்சனம் கிளர்ந்தெழ, பிடித்த நகரை விட்டுவிட்டு மன்னாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போர்த்துக்கேயர் திரும்ப வேண்டி வந்தது. 1591 இல் அந்திரே புர்த்தாடோ வந்ததும் ஒக்டோபரில்தான்.

1619 இல் வந்த ஒலிவேராவுக்கு இந்தக் காத்திருப்புத் தேவைப்படவில்லை. மன்னார் ஏற்கனவே அவர்கள் கையில். அங்கிருந்து பூநகரிப் பக்கத்தால் தரைவழியே படை வந்தது. அதுவரை நல்லூருக்குக் காற்றும் ஒரு மதில் மாதிரி இருந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வருடத்தில் சில மாதங்கள் எதிரி வரமாட்டான் என்று நம்பி இருக்கலாம். மன்னார் போனதோடு அந்த நம்பிக்கையும் போனது. அடுத்த சில வருடங்களில் கோயிலும் இல்லை, அரசும் இல்லை. அதிகாரம் கடல்நீரேரிக் கரைக் கோட்டைப் பக்கம் நகர்ந்தது. நல்லூர் தலைநகர் என்ற நிலையிலிருந்து பக்கத்து ஊர் என்ற நிலைக்கு வந்தது. இன்றைக்கு யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு என்று தேடிப்பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

காற்றின் அதிகாரம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. ஒரு கிழமைக்குள் நின்றுவிட்டது. வாடை தொடங்குகிற நேரத்தில் தொடங்கினால் வேறென்ன நடக்கும்? அடுத்த வருடம் ஓகஸ்டில் மீண்டும் ஓடி, நவம்பரில் நிறுத்தி, 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து நிற்க நினைக்கிற கூட்டாளிமாருக்கு நாங்கள் சொல்கிறது: மாசி கழிய வாங்கோ, ஐப்பசிக்கு முதல் போங்கோ. நானூறு வருடத்துக்கு முந்திய மாலுமி கேட்ட கேள்வியும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறு புத்தகத்தோடு ஒரு ஜனவரி

நீண்டகாலம் தங்க வந்தவர்களில் எங்களுக்குப் பிடித்த கதை லெனாட் வூல்ஃபினது. பிறகு வேர்ஜினியா வூல்ஃபைக் கலியாணம் செய்த அதே ஆள். 1905 ஜனவரியில், இருபத்துநாலு வயதில், அரச சேவைப் பயிலுநராக யாழ்ப்பாணம் வந்தார். எங்கள் வயதுதான். கூடவே ஒரு நாயும் வோல்தேயரின் தொண்ணூறு புத்தகமும். அனுராதபுரத்துக்கு இந்தப் பக்கம் ரயில் பாதை இன்னும் முடியாததால் வன்னிக் காட்டுக்குள்ளால் வண்டியில் வந்தார். யாழ்ப்பாணத்தில் கோட்டை மதிலுக்கு மேலே இருந்த பங்களாவில் தங்கினார். இரண்டரை வருடம் இருந்தார்.

வந்த மாதம் நல்ல மாதம். தையில் மழை ஓய்ந்து, தரை இன்னும் பச்சையாக இருக்கும், இரவில் போர்வை தேடும். ஆனால் நீண்டகாலம் தங்கினால் ஊர் தன் மற்ற முகங்களையும் காட்டும். இங்கே இருந்த காலத்தில் அவரை ரைபோயிட் காய்ச்சல் பிடித்துப் படுக்கையில் போட்டது. 1906 இல் மாசி தொடக்கம் சித்திரை வரை மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு வேலைக்குப் போனார். மன்னார்க் கடல் அடங்கியிருக்கிற இடைவெளி அது. இரண்டு பருவக்காற்றுக்கு நடுவில் கிடைக்கிற அந்தச் சில கிழமைக்காக அரேபியாவிலிருந்தும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் சனம் வந்து, வெறும் மணலில் ஒரு நகரமே எழும்பும். குளிப்பு முடிய நகரமும் கலைந்துவிடும்.

வூல்ஃப் பிறகு எழுதிய தன்வரலாற்றில் யாழ்ப்பாண நாட்களுக்கு நிறையப் பக்கம் கொடுத்தார். ஒரு அதிகாரியின் பார்வைதான், அதில் எங்களுக்குச் சண்டை பிடிக்கவும் கனக்க இருக்கிறது. ஆனாலும் இரண்டு வாரம் வந்து போகிறவர் எழுதக்கூடிய புத்தகம் அது இல்லை. ஒரு சோளகத்தையும் ஒரு மாரியையும் முழுதாகக் கண்டவர் எழுதியது.

மழையும் கிணறும்

தங்குகிறது என்றால் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும். இந்த ஊரில் ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அந்த மூன்று மாதத்தில் பெய்கிறதை வைத்துத்தான் மிச்ச ஒன்பது மாதமும்.

எங்கள் அறை வீட்டு அம்மா காலத்தைக் கிணற்றைப் பார்த்துச் சொல்லுவா. தையில் கையால் தொடுகிற மாதிரி நிற்கிற தண்ணீர், ஆவணி, புரட்டாதியில் அடியில் கிடக்கும். கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் உவர் ஏறும். "திருவிழாவுக்கு வாறவை கிணறு வத்தின நேரம்தான் வாறவை, எல்லாரும் ரெண்டு தரம் குளிக்கவும் வேணும்" என்று சிரிப்பா. முழு ஊரும் கூடுகிற மாதம், தண்ணீர் குறைந்த மாதமாகவும் இருப்பது சின்ன விஷயமில்லை.

மழை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நல்லூரில் கதை உண்டு. சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் நடந்த அதே காலத்தில், 1877 இல், யாழ்ப்பாணத்திலும் பஞ்சம் வந்தது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துச் சனத்துக்கு ஊற்றினார். நாவலரைச் சமயத்துக்கும் அச்சகத்துக்கும் மட்டும் படித்த எங்களுக்கு, அந்தக் கஞ்சித்தொட்டி பாடப்புத்தகத்தில் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது.

கூடினாலும் துன்பம்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடபகுதியையும் அடித்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் குடாநாடே வெள்ளக்காடானது. அப்போது வன்னியில் போர், பாதை பூட்டு. வெள்ளத்துக்குத் தப்பி எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. ஐப்பசியில் வந்து கார்த்திகை கடைசியில் திரும்ப நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர்

இனிச் சொல்லப்போகிறதை நாங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் "எப்ப வந்தால் நல்லம்" என்ற கேள்விக்கு அடியில் இருக்கிறது இதுதான்.

1987 செப்டெம்பர் 15 இல் நல்லூர் வீதியில் திலீபன் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்து, 26 ஆம் திகதி இறந்தார். ஒக்டோபர் 10 இல் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. ஆயிரக்கணக்கான சனம் வீடுகளை விட்டு நல்லூர்க் கோயிலுக்குள்ளும் வெளியிலும் ஒதுங்கியது. 21, 22 ஆம் திகதிகளில், தீபாவளியை ஒட்டி, யாழ் போதனா வைத்தியசாலையில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். சோனகதெரு வெறிச்சோடிப் போனது. வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கனபேர் புத்தளத்து அகதி முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்கள். நல்லூரிலிருந்து சோனகதெருவுக்குச் சைக்கிளில் போகக் கால் மணித்தியாலம் கூட ஆகாது. அன்றைக்கு இந்தப் பக்கத்துச் சனத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குரல் எழவில்லை. இதை நாங்கள் எந்த மழுப்பலும் இல்லாமல் படிக்க வேண்டும்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே இரவில் நான்கு, ஐந்து இலட்சம் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. ஐப்பசி மழை. குடையை மறித்துப் பிடித்துச் சேர்ந்த மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கிய கதையை எங்கள் வீடுகளில் இன்னும் சொல்லுவார்கள். நல்லூரில் ஆள் இல்லை. கனபேர் திரும்பி வந்தது 1996 ஏப்ரலுக்குப் பிறகு, சித்திரை வெயிலில்.

தங்க வந்தவர்கள் அகப்பட்ட வருடமும் உண்டு. 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் போர் தொடங்கி ஏ9 பூட்டுப்பட்டது. அது ஆடி அமாவாசைக்கும் ஆவணி அமாவாசைக்கும் நடுவில், திருவிழா நாட்களில். பாதை திறந்திருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் ஊரடங்குக்குள்ளே அகப்பட்டு, அனுமதிக்கும் கப்பலுக்கும் வரிசையில் நின்றார்கள். இரண்டு கிழமை லீவு இப்படித்தான் 'நீண்டகாலத் தங்கல்' ஆனது. பாதை சரியாகத் திறக்க 2009 ஆக வேண்டியிருந்தது.

1560, 1591, 1987, 1990, 1995. எல்லாம் ஒக்டோபர். அந்த மாதம் ராசியில்லாதது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. முதல் இரண்டுக்கும் காரணம் காற்று. மற்றவற்றுக்குக் காரணம் மனிதர், அவர்கள் எடுத்த முடிவுகள், அவர்கள் கையிலிருந்த ஆயுதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'விதி' என்று சொன்னால் பொறுப்பாளிகள் எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

அதே ஒக்டோபரில்தான் கதவுகள் திறந்தும் இருக்கின்றன. யாழ்தேவி இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17. நாகபட்டினக் கப்பலை மேலே சொன்னோம், 2023 ஒக்டோபர் 14. எங்கள் அம்மா அப்பாவின் வயதில் உள்ளவர்கள் ரயில் வந்த அன்றைக்கு ஸ்ரேசனில் நின்று அழுதார்கள். எங்களுக்கு அப்போது அது வெறும் ரயில்.

அப்ப எப்பதான் வாறது?

சரி, பதில் சொல்லுவோம். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

தேரும் திருவிழாவும்தான் முக்கியம் என்றால் கலண்டரில் ஆவணி அமாவாசையைத் தேடுங்கள், ஓகஸ்ட் என்ற சொல்லை மறந்துவிடுங்கள். கோயிலுக்குக் கிட்ட அறை வேண்டுமென்றால் சித்திரையிலேயே சொல்லிவையுங்கள், வாடகை ஏறும். கந்தனும் வேண்டும், நெரிசலும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஐப்பசியில் கந்தசஷ்டி இருக்கிறது. ஆறு நாள், கடைசியில் சூரன்போர், பார்க்கிறவர்கள் அனேகமாக ஊர்க்காரர்.

வாய்க்கு ருசி முக்கியம் என்றால் வைகாசி, ஆனி. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நுங்கும் அப்போதுதான். ஆடி முதலாம் திகதி வரை நின்றால் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் கிடைக்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு'ப் பாட்டைச் சின்ன வகுப்பில் பாடியவர்களுக்கு அந்த நாளின் அர்த்தம் தெரியும். வெயிலைத் தாங்குகிற உடம்பு வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாலு மாதம் நின்று படிக்க, எழுத, ஆராய்ச்சி செய்ய, அம்மம்மாவோடு இருந்து கதை கேட்க வருகிறவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: ஒக்டோபர் கடைசியில் வந்து மாசி வரை நில்லுங்கள். மழை தொடங்குவதைக் காண்பீர்கள். காலபோக நெல் பச்சையாகி, தைப்பொங்கலோடு அரிவு வெட்டுக்கு வருவதைக் காண்பீர்கள். கிணறு ஏறும். வாடைக்காற்றில் வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறும். பனங்கிழங்கு வரும். காலையில் 22, 23 பாகைக்கு இறங்கும், சைக்கிளிலேயே நல்லூர் முழுக்கச் சுற்றலாம். ஹோட்டல்களில் ஆள் குறைவு, நூலகத்தில் கதிரை கிடைக்கும், ஊர்ச்சனத்துக்குக் கதைக்க நேரம் இருக்கும். ஓகஸ்டில் உங்களைப் போலவே வந்த மற்றவர்களைத்தான் கூடுதலாகச் சந்திப்பீர்கள்.

ஒக்டோபர் முப்பதுக்கு முதல் வரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குச் சோனகதெருவுக்குப் போங்கள். திரும்பி வந்து கூரை போட்ட வீடுகளும் இருக்கின்றன, இன்னும் வெறும் சுவராக நிற்கிற வீடுகளும் இருக்கின்றன. பிறகு செம்மணிப் பாதையால் நாவற்குழிப் பாலம் வரை போங்கள். வீட்டுக்குத் திரும்பி, வயதானவர்களிடம் அந்த இரண்டு முப்பதாம் திகதிகளையும் பற்றிக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லுகிற பழக்கம் எங்களுக்குள் கனகாலமாக இருக்கிறது.

நல்லூருக்கு எந்த மாதம் வருவது என்று ஆறுதலாக யோசித்து, ரிக்கற் விலை பார்த்து, மழை பார்த்து முடிவெடுக்கிற வசதி எங்கள் தலைமுறைக்குத்தான் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. எங்கள் அப்பாமாருக்கு அது கிடைக்கவில்லை. புத்தளத்தில் வளர்ந்த எங்கள் வயதுப் பிள்ளைகளில் கனபேருக்கு, வந்து நிற்க வீடே இல்லாதபடியால், இன்றைக்கும் கிடைக்கவில்லை. ஆகவே மாதத்தைத் தெரிவு செய்யுங்கள், நல்லாக யோசித்துத் தெரிவு செய்யுங்கள். வந்தால் எங்களுக்கும் ஒரு செய்தி போடுங்கள். சைக்கிள் ஒன்று எடுத்துத் தரலாம்.